வென்ட் யார் வீட்டுப் பிள்ளை?

'கோ, வென்ட், கான்' என்று ஒரே மூச்சில் ஒப்பித்துத்தான் நம்மில் பலர் ஆங்கிலம் படித்தோம். கோவுக்கும் கானுக்கும் உறவு இருப்பது காதுக்கே தெரிகிறது. நடுவில் நிற்கும் வென்ட் யார் வீட்டுப் பிள்ளை?

அது வேறு வீட்டுப் பிள்ளைதான். பழைய ஆங்கிலத்தில் 'போனான்' என்பதற்கு 'எயோடெ' என்றொரு வடிவம் இருந்தது. அதுவும் கோவின் வேரில் பிறந்ததில்லை. இதற்கிடையே 'வெண்ட்' என்று தனி வினை ஒன்று புழங்கியது. திரும்பு, வழிபிடித்துச் செல் என்று பொருள். மெல்ல முடியும் அதன் கடைசி ஒலி இறந்தகாலத்தில் அழுத்தமாக முடிந்து 'வென்ட்' ஆகும். 'ஸெண்ட்' 'ஸென்ட்' ஆவதும் இதே வழியில்தான். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் கோ தன் பழைய இறந்தகாலத்தை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டது. பறிகொடுத்த வினை பொதுவிதிப்படி 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. இன்று அது அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது.

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் விதிக்கு அடங்காதவை. எரெஸ் லீபர்மன், மார்ட்டின் நோவக் குழுவினர் 2007இல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிமீறி நின்ற 177 வினைகளில் இடைக்காலத்தில் அப்படியே நின்றவை 145, இன்று 98. மற்றவை 'எட்' விகுதிக்குள் அடங்கிவிட்டன. 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் ஒருகாலத்தில் 'ஹோல்ப்'. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக விதிக்குள் விழுகிறது என்பது அவர்கள் கண்டது. நம்மிடமும் விதிக்கு அடங்காத வந்தான், தந்தான், செத்தான் எல்லாம் அன்றாடம் வாயில் கிடப்பவைதானே!

படிக்கட்டு மிதிபட மிதிபடத் தேயும். சொல்லின் வடிவமோ வாய்க்கு வாய் புழங்கப் புழங்க இறுகுகிறது. ஏன் என்பதற்குக் குழந்தையின் பேச்சைக் கேட்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியான குழந்தை முதலில் 'வென்ட்' என்று சரியாகவே சொல்லும். பிறகு ஒருநாள் விதி பிடிபட்டதும் 'கோட்' என்று சொல்லத் தொடங்கும். பெரியவர்கள் அப்படிப் பேசி அது கேட்டதில்லை. தானே கண்டுபிடித்த விதியைப் போட்டுப் பார்க்கிறது. கொஞ்ச காலம் கழித்து மறுபடி 'வென்ட்' திரும்பி வருகிறது, சுற்றியிருப்பவர்கள் ஓயாமல் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பதால்.

விதியைக் குழந்தை தன் அறிவால் எட்டிவிடும். விதிவிலக்கு அப்படிக் கிடைக்காது. பக்கத்தில் ஒருவர் பேசித்தான் தர வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் 'வென்ட்' தொலைந்துபோயிருக்கலாம். ஐந்நூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் தம் பிள்ளையிடம் பேசிப் பேசி அதைக் கைமாற்றியிருக்கிறார். காரணம் சொல்ல முடியாத அந்த வடிவத்துக்குள் இருப்பது மனிதத் துணை.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளை 'ஐ கோட் ஹோம்' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகராதீர்கள். 'ஓ, யூ வென்ட் ஹோம்?' என்று கேட்டுப் பேச்சை நீட்டுங்கள்.