வேட்டை ஓவியமும் உடன்பாடும்

தன் கையால் கொல்லாதவன், பிறரைக் கொண்டும் கொல்விக்காதவன், கொலையைக் கண்டு மகிழ்வானாயின் குற்றமற்றவன் ஆவானா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் நம் ஆசாரியர்கள் ஒருங்கே விலக்கினர். பழைய வேட்டை ஓவியங்களை விலை கொடுத்துச் சேர்ப்போர் இம்மூன்றாவதில் அடங்குவரா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வங்காளப் படையில் பணியாற்றிய தாமஸ் வில்லியம்சன் எழுதிய 'ஓரியண்டல் ஃபீல்டு ஸ்போர்ட்ஸ்' என்னும் நூல் 1807-இல் இலண்டனில் வெளிவந்தது. அதிலுள்ள 40 வண்ணப் படங்களில் புலியும் பன்றியும் எருமையும் வேட்டையாடப்படுகின்றன. வில்லியம்சனின் குறிப்போவியங்களைக் கொண்டு அவற்றை வரைந்தவர் சாமுவேல் ஹோவிட். செப்புத்தகட்டில் பிசின்தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து அச்சிட்டு, பின்னர் கையால் வண்ணம் தீட்டினர். இத்தகைய நூல்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்போரும் உளர்.

சேகரிப்போர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு: "ஊனை வாங்குவதால் நாளையும் கொலை நிகழும், இத்தாளை வாங்குவதால் எந்தப் புலியும் சாவதில்லை." இதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட அமெரிக்கப் பறவைகளின் 435 படங்களை இதனோடு ஒப்பிடுவோம். அப்பறவைகள் உயிருள்ளவை போலவே தோன்றும். ஆயினும் அவர் பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, கம்பிகளால் நிறுத்திவைத்தே வரைந்தார். கொலையைக் காட்டாத படத்தின் பின்னும் கொலை இருத்தல் கூடும். எனவே, படத்தில் உள்ள காட்சியை மட்டும் கொண்டு தீர்ப்புரைத்தல் பொருந்தாது.

யசோதர காவியம் நமக்கு வழிகாட்டுகிறது. மன்னன் பலியிட்டது மாவினால் செய்த கோழியையே. ஆயினும் கொல்லும் எண்ணம் அவனையும் அவன் தாயையும் விலங்குப் பிறவிகளில் தள்ளியது. வினைக்கு வித்தாவது எண்ணமே எனின், ஓவியத்தை நோக்கும் உள்ளத்தையே நாம் சோதித்தல் வேண்டும். நம் நெஞ்சம் ஈட்டியேந்தியவன் பக்கம் நிற்கிறதா, ஓடும் விலங்கின் பக்கம் நிற்கிறதா?

வேட்டைக்காரனின் வெற்றியை வியந்து அதனை இல்லத்தின் அணியாக மாட்டுதல் உடன்பாடே என்பது நம் கருத்து. நாள்தோறும் அதனைக் காணும் குழந்தை, கொலையையும் அழகின் ஒரு வகையாகக் கொள்ளும். மாறாக, நிகழ்ந்த கொடுமைக்குச் சான்றாகப் பேணி, இரக்கத்துடன் விளக்கிக் காட்டுதல் குற்றமாகாது. ஆயினும் மேன்மேலும் சேர்க்கும் வேட்கை பரிக்கிரகமாகும் என்பதையும் மறத்தலாகாது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடும் கையைத் தடுத்தது. மகிழும் மனத்தைத் தடுக்கச் சட்டத்தால் இயலாது. அது நம் ஒவ்வொருவரின் நோன்பாக வேண்டும்.