தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்?

ஆன்மிகக் கேள்வி – பதில்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஸரத். போன பெரும்போகத்திலிருந்து ஒரு நெல் கடையில் கணக்கு எழுதுகிறேன். கூட வேலை செய்யும் நானாமார் என்மீது அன்பானவர்கள். ஜும்ஆவுக்கு முன் வரிசையில் நிற்பவர்கள். ஆனால் வயற்காரர் நெல் கொண்டுவந்தால், காய்ந்த நெல்லையும் கையில் அள்ளிப் பார்த்து, "ஈரம்" என்று சொல்லி மூட்டைக்கு ஒன்றிரண்டு கிலோ கூடக் கழிப்பார்கள். முதலில் அதைக் கொப்பியில் எழுதக் கை கூசியது. இப்போது கூசவில்லை. அவர் போன பிறகு அவர்கள் சிரித்தால் நானும் சிரிக்கிறேன். அஸர் தொழுகையும் பிந்திவிடுகிறது. வாப்பா சுகமில்லாதவர், சம்பளம் இல்லாவிட்டால் வீட்டில் கஷ்டம். கூட்டாளிகள் சரியில்லை என்பதற்காக வேலையை விடத்தான் வேண்டுமா?

– ஒரு சகோதரர், தோப்பூர்

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. "இப்போது கூசவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. வெட்க உணர்வு ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கூடாத கூட்டு முதலில் கை வைப்பது அந்தக் கிளையில்தான். அது முறிந்தால் கொப்பியில் பொய் எழுதுவதும் தொழுகை பிந்துவதும் தன்னால் வந்து சேரும். அது போய்விட்டதே என்று நீங்கள் கவலைப்படுவதால், இன்னும் முழுதாகப் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரழி) அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு ஹதீஸ் நாம் அடிக்கடி கேட்டதுதான். நல்ல தோழரைக் கஸ்தூரி வியாபாரிக்கும், கெட்ட தோழரைக் கொல்லனின் துருத்தி ஊதுபவருக்கும் நபியவர்கள் ஒப்பிட்டார்கள். துருத்தியின் அருகே இருப்பவருடைய உடுப்பு எரியலாம். எரியாவிட்டாலும் நாற்றமாவது ஒட்டும். கொல்லன் வேலை ஹலாலான வேலை. அவர் உங்கள்மீது பகைகொண்டு புகையை ஊதவில்லை. பக்கத்தில் இருந்தீர்கள், ஒட்டிவிட்டது. உங்கள் நானாமாரும் அப்படித்தான். அவர்களுடைய அன்பு உண்மையானது. அந்த அன்போடு சேர்ந்துதான் அந்தப் பழக்கமும் உங்களிடம் வந்தது. அதனால்தான் வந்ததே தெரியவில்லை.

அவர்கள் முன் வரிசையில் தொழுபவர்கள் என்றீர்கள். தொழுகை பெரிய விஷயம். ஆனாலும் உமர் (ரழி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஒருவர் இன்னொருவரை நல்லவர் என்று சாட்சி சொன்னபோது, "அவரோடு பயணம் செய்ததுண்டா, காசுக் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா?" என்ற கருத்தில் விசாரித்தார்களாம். இல்லை என்றதும், பள்ளியில் தொழக் கண்டதை மட்டும் வைத்துச் சொன்ன அந்தச் சாட்சியை அவர்கள் ஏற்கவில்லை. உங்களுக்கோ அந்த மனிதர்களைத் தராசுக்குப் பக்கத்திலேயே பார்க்கக் கிடைத்திருக்கிறது.

இனி, நடந்த காரியத்தைப் பாருங்கள். நெல் சந்தைப்படுத்தல் சபை 14 வீத ஈரப்பதத்தை அளவாக வைத்து நெல் வாங்குகிறது. ஈரமானியால் அளந்து, வயற்காரருக்கும் அதைக் காட்டி, கூடுதலாக உள்ள ஈரத்துக்குக் கழித்தால் அது நியாயம். உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வாயால் கழித்தால் அது களவு. நபியவர்களும் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். அந்த ஈரத்தை ஏன் மேலே எல்லோரும் காணும்படி வைக்கவில்லை என்று விற்றவரைக் கண்டித்தார்கள். அங்கே விற்றவர் ஈரத்தை மறைத்தார். உங்கள் கடையில் வாங்குபவர் இல்லாத ஈரத்தை உண்டாக்குகிறார். இரண்டும் மோசடிதான்.

அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிக் குர்ஆனின் 83ஆவது அத்தியாயமே இறங்கியது. நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவ்வூரார் அளவையில் மிக மோசமாக இருந்தார்கள் என்றும், அந்த வசனங்கள் இறங்கிய பின் ஒழுங்காக அளக்கத் தொடங்கினார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) சொல்வதாக இப்னு மாஜாவில் வருகிறது. ஓர் ஊரின் சந்தையே திருந்தியிருக்கிறது. ஆகவே, உங்கள் கடை திருந்தாது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அஸர் பாங்கு சொன்னதும் கொப்பியை மூடிவிட்டு எழும்புங்கள். அங்கே உள்ளவர்களில் மனம் இளகிய ஒருவரைப் பார்த்து, "வாங்க நானா, பள்ளிக்குப் போயிட்டு வருவம்" என்று கூப்பிடுங்கள். ஒருவர் கிடைத்தாலே உங்கள் கூட்டு மாறத் தொடங்கிவிட்டது. அவர்கள் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காதீர்கள். அதற்குப் பிரசங்கம் தேவையில்லை. பிறகு முதலாளியைத் தனியே கண்டு, "சரியான நிறையைத்தான் எழுதுவேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சகோதரன் அநியாயம் செய்தால் அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பதும் நபிமொழிதான். உங்கள் கையால் குறைத்து எழுதப்பட்டவர்களில் யாரென்று தெரிந்தவர்களிடம் பேசி, உங்களுக்கு ஏதும் பங்கு வந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். அடியார்களின் உரிமை தௌபாவால் மட்டும் தீராது.

"நான் சொல்கிறபடி எழுது, இல்லாவிட்டால் போ" என்று முதலாளி சொன்னால், போய்விடுங்கள் தம்பி. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றுவிட்டு, பின் நூறாவது கொலையும் செய்த மனிதர் ஓர் ஆலிமிடம் தௌபாவுக்கு வழி கேட்டார். அந்த ஆலிம் அவருக்குச் சொன்ன வழி, இருந்த ஊரை விட்டு நல்லவர்கள் வாழும் ஊருக்குப் போவது. அவர் அந்த ஊரை அடையவுமில்லை. பாதி வழியில் மௌத்தானார், மன்னிக்கப்பட்டார். இறையச்சத்தோடு நடப்பவருக்கு அல்லாஹ் நினையாத பக்கத்திலிருந்து வழி திறப்பான். வாப்பாவின் மருந்து ஹலாலான காசில் வரட்டும். அதற்காக வேறு வேலையை இன்றிலிருந்தே தேடுங்கள்.

கேள்வி: தோப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருகோணமலைக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே எனக்கு நெருக்கமானவர்கள் ஒரு தமிழ் அக்காவும் ஒரு சிங்களச் சகோதரியும்தான். மாற்று மதத்தவரோடு இவ்வளவு நெருங்கினால் ஈமான் குறையுமா?

– ஒரு சகோதரி, தோப்பூர்

பதில்: மகளே, மூதூரிலிருந்து கடல் கடந்து படகில் போய் வந்த காலம் மாறி, 2009இல் கிண்ணியாப் பாலமும் திறந்து தரைவழி சீரானது. இப்போது எல்லா இனத்தவரும் ஓரிடத்தில் இருந்து வேலை செய்கிறோம். அந்த இருவரும் உங்களைப் பொய்க்கும் புறம்பேசுவதற்கும் இழுக்கிறார்களா, உண்மைக்கும் உழைப்புக்கும் துணை நிற்கிறார்களா என்பதைப் பாருங்கள். நபித்துவத்துக்கு முன், மக்காவில் ஏமாற்றப்பட்ட ஒரு யமன் வியாபாரிக்காக ஏற்பட்ட ஹில்புல் புழூல் உடன்படிக்கையில் நபியவர்கள் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அதைப் போற்றினார்கள். ஹிஜ்ரத்தில் உயிரை ஒப்படைத்து வழிகாட்டியாக வைத்துக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். தொழுகைக்கும் பேணுதலுக்கும் இடையூறு இல்லாதவரை, நல்லவர்களோடு நன்றாகவே பழகுங்கள். அவர்களும் உங்களிடம் நல்லதைக் காணட்டும்.

இதை வாசிக்கும் முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை வேலைக்குச் சேர்க்கிறீர்கள். அவன் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிப்பதும் நீங்கள்தான். கடையிலேயே ஆக நேர்மையான ஆளுக்குப் பக்கத்தில் அவனை நிறுத்துங்கள். அப்படி ஒருவர் கடையில் இல்லையென்றால், அந்த ஆளாக நீங்களே நில்லுங்கள்.