ஏக்கம் குற்றமா?

"நான் கோழையாகிவிட்டேனா?"

இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறான் என் நண்பன். கல்லூரியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவன். மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்று மூன்று திங்கள் ஆகின்றன. குளிர்காலத்தில் மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடக்கின்றனவாம்; சனிக்கிழமை அரிசி வாங்க மறந்தால் மறுநாள் ரொட்டிதானாம். நாள்தோறும் கைப்பேசியில் தாயின் முகம் காண்கிறான், பேசுகிறான். பேசி முடித்ததும் அறை முன்னிலும் வெறுமையாகிவிடுகிறது என்கிறான். "மூடநம்பிக்கையை மேடையேறிச் சாடியவன் நான். இன்று ஒரு கிண்ணம் ரசத்தை நினைத்துக் கண் கலங்குகிறேன். இது பகுத்தறிவுக்கு அடுக்குமா?" என்பது அவன் வினா.

அவனுக்கு எழுதிய விடையைத் தோழர்கள் முன்னும் வைக்கிறேன்.

இந்த ஏக்கத்துக்கு மருத்துவம் பெயர் சூட்டிய ஆண்டு 1688. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யோகான்னஸ் ஹோஃபர், வீடு திரும்புதல், வலி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 'நோஸ்டால்ஜியா' என்றார். அவர் காட்டிய சான்றுகளில் ஒருவன், பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞன். உருகி மெலிந்து படுத்தவன், ஊருக்கு அனுப்பப்பட்டதும் வழியிலேயே தேறத் தொடங்கினானாம். இரு நகர்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான்! கடல் கடந்தால்தான் ஏக்கம் என்பதில்லை. பழகிய வாழ்வு கைவிட்டுப் போனாலே போதும். 1888இல் இலண்டன் சென்ற காந்தியாரும், இரவுகளில் தாயை நினைத்து அழுததை ஒளிக்காமல் எழுதிவைத்தார். ஏக்கம் பேயுமன்று, பாவமுமன்று. அதற்குக் காரணம் உண்டு. காரணம் உள்ளதை ஆராயலாம். ஆராய்ந்தால் ஆற்றவும் செய்யலாம்.

ஆராயாமல் விட்டால்? கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மரக்கறி உணவினர், கல்லூரிப் பொதுக்கூடத்தில் உண்ணாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். குளிர்கால நாளொன்றில் அவரைக் காணச் சென்ற மகலனோபிஸ், இரவில் குளிர் தாங்குகிறதா எனக் கேட்டார். மேலங்கியும் சால்வையும் போர்த்துப் படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் ஓரம் செருகப்பட்டு ஒழுங்காக விரிந்திருக்கின்றன! அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து உறங்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எண்களின் மறைபொருளை எட்டிப் பிடித்த அறிவுக்குக் கம்பளியின் மடிப்பு எட்டவில்லை. அறியாமையா அது? அன்று. அவர் கேட்கவில்லை, அதுவரை எவரும் அவரைக் கேட்கவுமில்லை. புதிய நாட்டில் எளியதைக் கேட்க வெட்கப்படுகிறோமே, அந்த வெட்கம்தான் கோழைத்தனம், கண்ணீர் அன்று.

அடுத்து ஒன்று கேட்டேன் நண்பனை: "எதற்காக ஏங்குகிறாய்? பிரித்துப் பார்." தாயின் அன்புக்கா, தாய் துலக்கித் தந்த தட்டுக்கா? நேர்மையானவன், உண்மையை எழுதினான். தன் தட்டைத் தானே கழுவிய முதல் இரவில்தான், இருபத்திரண்டு ஆண்டுகள் அதைக் கழுவிய கை எது என்று எண்ணினானாம். வீட்டின் இனிமை என்று நாம் பாடுவதில் பாதி, வீட்டிலுள்ள பெண்ணின் ஓயா உழைப்பு. அதை அறிந்த ஏக்கம் நன்றியாகும். அறியாத ஏக்கமோ, இழந்த எடுபிடிக்காக அழும் அழுகையே.

இன்னும் ஒரு படி செல்வோம். வீட்டை நினைத்தால் எல்லோர்க்கும் இனிக்குமா?

1913இல் பரோடா அரசின் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அண்ணல் அம்பேத்கர். வெளிநாட்டு வாழ்வு, தாம் தீண்டாதவர் என்ற நினைவையே துடைத்துவிட்டது என்று பின்னாளில் எழுதினார். 1917இல் திரும்பினார், பரோடாவில் பணியேற்க. பட்டங்கள் இருந்தன, பதவி இருந்தது, தங்க இடம் இல்லை! பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். 11ஆம் நாள் தடியேந்தி வந்தது ஒரு கூட்டம். வெளியேறினார்; பொதுப் பூங்காவில் அமர்ந்து அழுதார். அயல்நாடு அறை தந்தது. சொந்த நாடோ தடி தந்தது. எது வீடு? எது அயல்?

ஆகவே தோழர்களே, ஏக்கம் என்பது வீடு நமக்கு என்ன தந்தது என்பதைக் காட்டும் அளவுகோல். எனக்கு இனிக்கும் வீடு இன்னொருவனை வாசலில் நிறுத்தியதா என்று கேட்காத ஏக்கம் அரைகுறை ஏக்கம். அந்த அரைகுறை ஏக்கத்தோடு போனவர்கள், ஊறுகாயோடு சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற நேர்ந்தது. பனி பொழியும் நாட்டிலும் உருகாத பனிப்பாறை அது!

அம்பேத்கரோ, துரத்திய நாட்டைத் துறந்து ஓடவில்லை. விட்ட படிப்பை இலண்டன் சென்று முடித்தார். மீண்டும் இங்கேயே வந்தார். எவரும் தடியோடு வந்து விரட்ட முடியாத வீடாக இந்நாட்டை ஆக்கவேண்டும் என்று இறுதிவரை உழைத்தார். இல்லாத வீட்டுக்காக ஏங்கியவர் அவர். அந்த ஏக்கமே உயர்ந்தது.

நண்பனுக்கு இறுதியில் எழுதினேன்: "அழு, வெட்கமில்லை. ரசம் வைக்கக் கற்றுக்கொள். பக்கத்து அறையில் எந்த நாட்டான் இருந்தாலும் அழைத்து ஒரு கிண்ணம் கொடு. குளிருக்குப் போர்வை எப்படி என்று அவனையும் கேள். தாயிடம் பேசும்போது, அம்மா சாப்பிட்டாயா என்று நீ முதலில் கேள். திரும்பி வரும் நாளில், தட்டை நீயே கழுவு; வாசலில் நிற்பவனை உள்ளே அழை. அதுவரை ஏங்கு. அந்த ஏக்கம் குற்றமன்று, கடமையின் தொடக்கம்."