சபையை நிறுவியவர் யார்?

அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷனரி ஹொரேஸ் அண்டர்வுட் 1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொரியாவில் கரையிறங்கினார். அவர் வருவதற்கு முன்பே அங்கே விசுவாசிகள் இருந்தார்கள்.

ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ராஸ் மஞ்சூரியாவில் தங்கி, கொரியர்களின் துணையோடு லூக்கா, யோவான் சுவிசேஷங்களை மொழிபெயர்த்து 1882-இல் அச்சிட்டார். துணைநின்றவர்களில் ஒருவர் ஜின்செங் வியாபாரி சோ சாங்-ரியுன். மஞ்சூரியாவில் கடும் நோயில் விழுந்து, மிஷனரிகளின் பராமரிப்பில் பிழைத்தவர். அந்நிய மதத்துக்குத் தடை இருந்த காலத்திலேயே சுவிசேஷப் பிரதிகளுடன் அவர் எல்லை தாண்டினார். ஹ்வாங்ஹே மாகாணத்தின் சோரே கிராமத்தில் அவரையும் தம்பி சோ கியோங்-ஜோவையும் சுற்றி ஒரு ஜெபக்கூட்டம் வளர்ந்தது. போதகர் இல்லை, ஞானஸ்நானம் கொடுக்க ஆளில்லை.

அதைச் சபை என்று அழைக்கலாமா?

தேவவசனம் பிரசங்கிக்கப்பட்டு, திருவிருந்தும் ஞானஸ்நானமும் முறையாக நடக்கும் இடமே சபை என்றார் கால்வின். அவர் வழிவந்த பிரஸ்பிட்டேரியன் மரபு, மக்கள் தெரிந்தெடுக்கும் மூப்பர்களின் ஆளுகையை வலியுறுத்துகிறது. இந்த அளவுகோலின்படி கொரியாவின் முதல் பிரஸ்பிட்டேரியன் சபை சியோலில் உள்ள சேமுனான். 1887 செப்டம்பர் 27 இரவு அண்டர்வுட் வீட்டில் 14 பேருடன் அது அமைக்கப்பட்டது. இரண்டு மூப்பர்கள் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். விருந்தினராக வந்திருந்த ராஸ் அங்கே அறிந்துகொண்ட செய்தி முக்கியமானது: அந்தப் பதினான்கு பேரில் 13 பேர் சோ சாங்-ரியுனின் ஊழியத்தால் விசுவாசத்துக்கு வந்தவர்கள்.

அப்படியானால் மிஷனரி தேவையில்லையா? சோரே மக்களே அதற்குப் பதில் சொன்னார்கள். 1887 ஜனவரியில் சோ கியோங்-ஜோ உள்ளிட்ட சிலர் சியோலுக்கு வந்து ஞானஸ்நானம் கேட்டுப் பெற்றார்கள். தங்கள் ஜெபம் மட்டும் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை. உலகளாவிய திருச்சபையோடு இணைய விரும்பினார்கள். ஆனால் அந்த உறவைப் பணச் சார்பாக அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. 1895-இல் ஆலயம் கட்டியபோது வெளிநாட்டு உதவியை நாடாமல் தங்கள் கைப்பணத்திலேயே கட்டினார்கள்.

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ் 1890-இல் சியோலுக்கு வந்து, உள்ளூர்ச் சபை தன்னைத் தானே பரப்ப வேண்டும், ஆள வேண்டும், தாங்க வேண்டும் என்று இளம் மிஷனரிகளுக்குப் போதித்தார். அதைக் கொரிய மிஷன் தன் கொள்கையாக ஏற்றது. 1907-இல் பியோங்யாங்கில் கொரிய பிரஸ்பிட்டரி அமைந்தபோது ஏழு கொரியர்கள் போதகர்களாக அபிஷேகம் பெற்றார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் கேட்டு வந்த சோ கியோங்-ஜோ அவர்களில் ஒருவர். 1912-இல் பொதுப்பேரவை கூடியது. மறு ஆண்டே அந்தத் திருச்சபை ஷான்டோங்கிற்குத் தன் மிஷனரிகளை அனுப்பியது.

ஆகவே, நிறுவிய பெருமையை மிஷனரிக்கு மட்டும் எழுதிவைப்பது நியாயமல்ல. விசுவாசம் அந்த மண்ணின் மக்களிடமிருந்து எழுந்தது. ஒழுங்கு அவர்கள் கேட்டபோது வந்து சேர்ந்தது. சபை வரலாறுகளை எழுதுகிறவர்கள் போதகர்களின் பட்டியலுக்கு முன்னால் அந்த முதல் விசுவாசிகளின் பெயர்களை எழுத வேண்டும்.