பிறர் வினையை அளத்தல்

தீராப் பிணியுடைய குழந்தை பிறந்த இல்லத்துக்குச் செல்வார் பலர், ஆங்குள்ள தாய்தந்தையரை நோக்கி, 'யாது செய்வது? எல்லாம் வினைப்பயன்' என்று கூறி மீள்கின்றனர். கூறுவார் கருத்துத் தீயதன்று. ஆறுதல் கூறியதாகவே அவர் எண்ணுகின்றனர். ஆயினும் அச்சொல் கேட்டார் நெஞ்சில் ஆறுதலாய் இறங்குவதில்லை. 'நீவிர் செய்த தீமையே இக்குழந்தையாய் வந்தது' என்னும் பழியாகவே இறங்குகின்றது. வினையுண்டு என்பது சித்தாந்த சைவத்தின் துணிபு. அஃது ஈண்டு ஆராய்ச்சிக்குரியதன்று. அத்துணிபைத் துயருற்றார் முன் எடுத்து நீட்டுதல் அறமாமோ என்பதே வினா.

அவ்வில்லத்தின் நிலை இன்னதென முதற்கண் அறிதல் வேண்டும். பண்டாயின் பிறந்த சின்னாளில் இறந்துபட்டிருக்கும் மகவுகள் பல, மருத்துவ நூலின் வளர்ச்சியால் இன்று பல்லாண்டு உயிர்வாழ்கின்றன. மூளைவாதத்தால் உடல் முறுக்குண்டு, விழுங்குதற்கும் இயலாத குழந்தைக்கு மூக்கின் வழியாகவோ வயிற்றில் இட்ட துளையின் வழியாகவோ குழாயால் உணவு செலுத்தப்படுகின்றது. மூச்சுக்குழலில் துளையிடப்பெற்ற குழந்தைக்குச் சளியைக் கருவியால் அவ்வப்போது உறிஞ்சி எடுத்தல் வேண்டும். சிறிது அயர்ந்தால் மூச்சடைக்கும். வலிப்பு எப்பொழுது வருமென்பது தெரியாது. படுக்கைப்புண் வாராமைப் பொருட்டு இரவில் பன்முறை எழுந்து புரட்டிக் கிடத்தல் வேண்டும். மருத்துவமனையில் பயிற்சி பெற்ற செவிலியர் முறைவைத்துச் செய்யும் தொழிலை, வீட்டில் ஒரு தாய் முறைமாற்றுவார் ஒருவருமின்றிச் செய்கின்றாள். தந்தை பொருள் தேடி அலைகின்றான். அவனும் உறங்கினானோ என்று கேட்பாரிலர். உடன்பிறந்த குழந்தையோ, எவரும் தன்னை நோக்காத வீட்டில் ஓசையின்றி வளர்கின்றது.

இத்தகையார்க்கு வினைக்கணக்கு உரைக்கப் புகுவார், தாம் உரைக்கும் கொள்கையையே செவ்விதின் உணர்ந்திலர். வினை உயிர்தோறும் வேறு. ஓருயிர் ஈட்டியதை அவ்வுயிரே நுகரும்; பெற்றோர் ஈட்டியதை மகவு நுகரும் என்பது சித்தாந்த முறையன்று. இனி, வினை சடம். தானே சென்று உயிரைப் பற்றாது. அறிவுடைய இறைவனே கூட்டுவிப்பன். எவ்வுயிர்க்கு எவ்வினையை எக்காலத்து எவ்வளவிற் கூட்டுவது என்பது முற்றறிவுடைய பதி ஒருவனுக்கே புலனாவது. பசுவோ கட்டுண்ட சிற்றறிவினது. தன் முற்பிறப்பில் ஒருநாளையேனும் அறியாத ஒருவன், அயல்வீட்டாரின் முற்பிறப்பைக் கண்டான் போலப் பேசுதல், பதியின் இருக்கையில் பசு ஏறி அமர்தலை ஒக்கும். அன்றியும், இறைவன் வினையைக் கூட்டுவது அருளாலன்றிப் பகையாலன்று என்பது நூற்றுணிபு. அருளால் வந்ததைப் பழியாக மாற்றி வழங்குதற்கு இவர்க்கு உரிமை தந்தார் யார்?

இவ்விடத்துச் சமயாசாரியர் ஒழுகியவாற்றை நோக்குதல் வேண்டும். திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு எழுந்தருளிய காலத்து, கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்தாள். மருந்தும் பிறவும் பயனளியாமையின், தந்தை அவளைத் திருக்கோயிலிற் கொணர்ந்து இறைவன் திருமுன் கிடத்தினான் எனச் சேக்கிழார் கூறுகின்றார். நாடாள்வோனேயாயினும், அவ்வமயம் அவன் கையற்று நின்ற ஒரு தந்தையே. பிள்ளையார் அவள் கிடந்த நிலை கண்டு இஃது என்னென வினவினார்; அவன் கூறியதைக் கேட்டார்; இரங்கினார். நீ யாது செய்தாய், நின் மகள் யாது செய்தாள் என்று கேட்டிலர். அங்கு அவர் பாடியருளிய பதிகத்தைப் பயில்வார்க்கு ஒன்று புலனாகும். வினா எழுப்பப்பெறுவது இறைவனை நோக்கியே; இப்பெண்ணை இங்ஙனம் வாட வைத்தல் இவர்தம் பெருமைக்குப் பொருந்துமோ என்பது அவ்வினா. தந்தை வாய்விட்டுக் கேட்கமாட்டாத ஒன்றை, அவன் பக்கத்து நின்று அவன்பொருட்டு ஆசாரியர் கேட்டனர். பழி கூறுவாரோ எதிர்ப்பக்கத்து நிற்கின்றனர்.

கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்நோய் பற்றியபோது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகமும் இதற்குத் துணையாகும். முன்செய்த வினைக்கு இது பயன் எனச் சொல்ல அறிந்திருந்தும், உய்யும் வழியை நாடாது வாளா இருத்தல் குறையேயாம் என்பது அதன் தொடக்கத்துக் கருத்து. வினையை வாயடைக்கும் பொருளாக்குவார் இப்பதிகத்தை ஓதியும் உணராதவரே.

நுகர்ந்தே கழிக்கற்பாலதாகிய பிராரத்தத்தின் இடையே பிறர் புகுதல் கூடுமோ எனின், கூடும் என்க. வெயில் ஊழாயின் நிழலும் ஊழே. குழந்தைக்கு நோயைக் கூட்டியவனே, அயல்வீட்டில் கையும் காலும் நலமுடைய ஒருவனையும் வைத்தனன். அவன் சென்று உதவுதலும் உதவாது நிற்றலும் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பிறர் பிராரத்தத்தை எண்ணிக்கொண்டு நிற்பவன் தன் ஆகாமியத்தை மறந்தவனாவான்.

பிறர் பழி கூறாவிடினும், தாய் தனக்குத் தானே கூறிக்கொள்வது உண்டு. கருவுற்றிருந்த காலத்து உண்டது, சென்றது, சினந்தது ஆகிய ஒவ்வொன்றையும் நள்ளிரவில் எண்ணி எண்ணிக் குற்றம் தேடுகின்றாள். இதற்கு மருந்து உண்மை அறிவே. சான்றாக, தலசீமியா என்னும் குருதிநோயை எடுத்துக்கொள்ளலாம். தாயும் தந்தையும் தாம் நோயின்றியே அதன் மரபுக்கூற்றை மட்டும் தாங்கியவராயின், ஒவ்வொரு கருவிலும் கொடிய நோய் தோன்றுதற்கு நான்கில் ஒருபங்கு வாய்ப்புண்டு. அவர்தம் ஒழுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மருத்துவர் இதனை இருவரையும் ஒருங்கிருத்தி விளக்குதல் நன்று. பழி முழுவதையும் பெண் ஒருத்தியின் தலையில் ஏற்றும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டாகலின்.

'மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்று பலகாலும் வற்புறுத்துவதும் ஒருவகைக் கொடுமையே. அமெரிக்க நாட்டுச் சைமன் ஒல்ஷான்ஸ்கி என்பார், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி 1962-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், அவர்தம் துயர் வாழ்நாள் முழுதும் நீடிப்பது என்றும், அது மனநோயன்று, இயற்கையே என்றும் காட்டினார். ஒத்த வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லுந்தோறும் மணங்கொள்ளுந்தோறும் ஆறியது போன்ற புண் மீண்டும் திறக்கும். இத்துயரை ஒழித்துக்காட்டுக என்று கேளாமல், அதனோடு இருந்தே வாழ இடந்தருவதே துணையாவது. உறக்கமும் ஊணும் பல நாள் ஒழிந்தோ, குழந்தையோடு தாமும் மாய்வோம் என்னும் எண்ணம் எழுந்தோ நிற்பின், அது வேறு. அப்பொழுது அவரைத் தனியே விடாது மனநல மருத்துவரிடம் உடனே உய்த்தல் வேண்டும்.

சொல்லினும் கையே பெரிது என்பதற்கு இங்கிலாந்து நாட்டில் ஒரு சான்றுண்டு. ஆக்ஸ்போர்டு நகரில் பிரான்சிஸ் டொமினிகா என்னும் கிறித்தவத் துறவியார், மூளைக்கட்டியால் செயலற்றுப்போன ஹெலன் என்னும் சிறுமியின் பெற்றோர்க்கு நண்பரானார். அவர்தம் களைப்பைக் கண்டு, குழந்தையைச் சிலகாலம் தாமே வைத்துப் பேணி அவரை இளைப்பாறச் செய்தார். அதினின்றே 1982-ஆம் ஆண்டில் ஹெலன் இல்லம் எழுந்தது. உய்தற்கரிய நோயுடைய குழந்தைகட்கென உலகில் முதன்முதல் அமைந்த பேணகம் அதுவே. அங்குக் குழந்தைக்கு மட்டுமன்றிப் பெற்றோர்க்கும் உடன்பிறந்தார்க்கும் இடமுண்டு. சமயம் வேறாயினும் செயல் சிவத்துக்கு உவப்பாவதே.

பெற்றோர் பலரும் வெளியிற் சொல்லாத அச்சம் ஒன்றுண்டு: தமக்குப் பின் இப்பிள்ளையைக் காப்பார் யார் என்பது. ஆட்டிசம், மூளைவாதம், அறிவு வளர்ச்சிக்குறை, பல்வகைக் குறைபாடு ஆகியன உடையார்க்குப் பதினெட்டாண்டு நிரம்பிய பின்னரும் காப்பாளரை நியமித்தற்கு, 1999-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்துள்ளது. உள்ளூர்க் குழுவிற்கு விண்ணப்பம் செய்தல் வேண்டும். இரவு முழுதும் விழித்திருந்த தாய்க்கு அவ்விண்ணப்பத்தைத் தேடி எழுத ஓய்வில்லை. எழுத்தறிந்த அயலார் ஒருவர், ஒரு பிற்பகல் அவளோடு அமர்ந்து எழுதிக்கொடுத்தல் கூடும்.