கவனமும் கொல்லாமையும்

பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நடப்போர் கால் வைக்குமுன் தரையை நோக்குவர். கருவேல முள்ளுக்கு அஞ்சியே அவ்வாறு நோக்குவர். அதே போல் பனைகள் நிற்கும் வடஇலங்கையின் முகமாலையிலும் உழவர் தரையை நோக்கியே நடந்தனர். அங்கே அவர்கள் அஞ்சியது, 2009இல் போர் முடிந்த பின்னும் மண்ணுள் கிடந்த கண்ணிவெடிகளுக்கு.

அவற்றை அகற்றக் கற்பவர், வெடிமருந்தின் இயல்பையும் அது உயிரைப் போக்கும் வகையையும் நுணுகி அறிதல் வேண்டும். கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்கும் இம்சாதானத்தை அனர்த்த தண்டங்களுள் ஒன்றென விலக்கிய நம் இல்லறத்தார், தம் மக்களை இக்கல்விக்கு அனுப்பலாமா? காவல்துறையின் வெடிகுண்டு அகற்றும் பிரிவில் சேர விழையும் இளைஞர் நம் இல்லங்களிலும் தோன்றக்கூடும். ஆதலின் இவ்வினா ஆராயத்தக்கது.

இந்தப் பயிற்சி எதனைக் கற்பிக்கிறது எனக் காண்போம். நம் நாட்டில் புனேயின் இராணுவப் பொறியியல் கல்லூரியும், மானேசரில் தேசியப் பாதுகாப்புப் படையும் இதனை அளிக்கின்றன. வடஇலங்கையிலோ, போரில் கணவரை இழந்த தமிழ்ப் பெண்கள் பலர் பயிற்சி பெற்று இப்பணியில் ஈடுபட்டனர். ஒருவர்க்கு ஒரு குறுகிய தடம். முகத்திற்கும் மார்பிற்கும் கவசம். உலோகம் உணரும் கருவி ஒலித்த இடத்தை மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும். ஆகவே பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக விலக்குவர். வெடி தென்பட்டால் தொடாது மேற்பார்வையாளரை அழைப்பர். ஐயம் எழுந்தால் நின்றுவிடுவர். விரைவு இங்கே குற்றம்.

இதனைக் கேட்குங்கால் நம் முனிவரின் சமிதிகள் நினைவிற்கு வருகின்றன. பார்த்து நடத்தல் ஈரியா சமிதி; பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பேணும் கவனம் ஆதான நிட்சேபண சமிதி. எறும்பின் உயிர் பொருட்டு மயிற்பீலியால் இடம் துடைப்பவர் முனிவர். யாரோ ஒரு குழந்தையின் கால் பொருட்டு மண் விலக்குபவர் இப்பெண்கள்.

ஈண்டு ஒரு தடை எழலாம். கண்ணிவெடியைப் புதைத்தவனும் பயின்றவனே. அவனும் கவனமாகவே புதைத்தான் அன்றோ? உண்மை. ஆனால் இம்சைக்கு வேரென நம் ஆசிரியர் கூறிய பிரமாதம், கைச்சோர்வை மட்டும் குறிப்பதன்று. சினம் முதலிய கஷாயங்களுக்கு உள்ளம் ஆட்பட்ட நிலையும் அதுவே. புதைத்தவன் கை விழித்திருந்தது, உள்ளம் உறங்கியது. ஆகவே இக்கல்வியில் கைக்குப் பயிற்சி பாதியே. பகையற்ற உள்ளம் மற்றப் பாதி. அவ்விரண்டும் கூடிய இடத்தில் இது இம்சாதானம் ஆகாது; அபயதானமே ஆகும் என்பது நம் துணிபு.

கடமை கற்பவர்க்கு மட்டும் உரியதன்று. போதிய பயிற்சியும் கவசமும் இன்றி ஒருவரை வெடியின் முன் அனுப்பி, பின்னர் அவரை வீரர் எனப் புகழ்வோமாயின், அந்தப் பிரமாதம் நம்முடையது. அனுப்பும் அரசும், வாளாவிருக்கும் மக்களும் அதில் பங்குடையர்.

அருப்புக்கோட்டை வட்டாரத்துக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளி விளங்கிற்று. அதன் மாணாக்கர் செய்வித்த திருமேனிகளை மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுகள் இன்றும் கூறுகின்றன. கொல்லாமையும் கற்றுப் பயில வேண்டிய கல்வியே என்பதை அறிந்த மண் இது. நம் இல்லத்து இளைஞர் ஒருவர் இப்பணியை நாடி விடைபெற வருவாராயின், தடுக்க வேண்டா. பொறுமையையும் பகையின்மையையும் முதலில் கற்பித்து வாழ்த்தி அனுப்புவோமாக.