ஞானதானத்தில் பெறுபவர் யார்?

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பது நாம் இளமையிலேயே கேட்டறிந்த செய்தி. சாத்திர தானத்தைக் கல்விக்கொடை என விரித்துப் பொருள் கொள்வதும் நம்மிடையே வழக்கம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிப் பள்ளியொன்றில் முப்பதாண்டுகள் கணிதம் கற்பித்த ஆசிரியர், புதிதாகப் பணியேற்று வந்த இளையவருக்குத் துணைநின்று தொழில் பழக்குகிறார் எனக் கொள்வோம். இது தானந்தானா? ஆயின், பெறுபவர் யார்?

இவ்வினாவுக்கு நம் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே பின்னக் கணக்காக விடை கூறியுள்ளார். ஆசான் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் வாய்ப்பது கால்பங்குப் புலமையே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது நன்னூற் பொதுப்பாயிரத்தின் கருத்து.

முப்பதாண்டுகள் மாணவர்க்கு உரைத்தவருக்கு அவ்வரைப்பங்கு முன்னரே நிரம்பியிருக்குமே எனலாம். அன்று. மாணவர் பெரும்பாலும் விடை சரியா என்றே கேட்பர். தேர்வும் அதையே கேட்கிறது. இளைய ஆசிரியரோ, நாளை வகுப்பில் தாம் நிற்க வேண்டியிருத்தலின், 'ஏன்' என்று கேட்கிறார். ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கும்போது அரையைத் தலைகீழாக்கிப் பெருக்குவது ஏன்? ஆயிரம் முறை செய்து காட்டிய கைக்கு இவ்வினா புதிது. மூத்தவர் சற்றே திகைத்து, பின்னர் ஒன்றேமுக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பார்க்கிறார். ஒரு படிக்கு இரண்டு அரைப்படி, ஆதலால் இரண்டால் பெருக்குகிறோம், மூன்றரை முறை. விதியின் காரணம் அப்போதுதான் அவருக்கே துலங்குகிறது.

லிபிங் மா என்னும் அறிஞர் 1999-இல் வெளியிட்ட நூலில் இதே கணக்கை ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்துள்ளார். சீன ஆசிரியர் 72 பேரும் சரியான விடை கண்டனர். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் பாதிக்கும் குறைவானவரே கண்டனர். சீனப் பள்ளிகளில் மூத்தோரும் இளையோரும் குழுவாக அமர்ந்து பாடத்தை ஆராய்வதையும், அதனால் இரு சாராரும் கற்பதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

இதற்குத் தடையாவது நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய மானமே. இளையவர் முன் 'யோசித்துச் சொல்கிறேன்' என்பதற்கு நா எழுவதில்லை. 9-ஆம் நூற்றாண்டில் கணித சார சங்கிரகம் இயற்றிய மகாவீராசாரியர், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என நுட்பமாக உரைத்தவர். அவரே பூச்சியத்தால் வகுத்தாலும் எண் மாறாது எனக் கொண்டார். அக்கொள்கையைப் பிற்காலத்தார் ஏற்கவில்லை. அதனால் அவர் பெருமை குன்றிற்றா?

அரைப்பங்கு தமக்கே வரும் செயலைத் தானம் என்று சொல்லி நன்றி எதிர்பார்ப்பது பொருந்தாது என்பதே நம் துணிபு. இளையவரைத் தம் நகலாக வார்க்க முனைவோருக்கோ அந்த அரைப்பங்கும் கிட்டாது. தம் குரலின் எதிரொலியையே கேட்பர். (பாடவேளையைக் குறைக்காமல் இப்பணியையும் சுமத்தும் நிர்வாகங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

வாரம் ஒரு பாடவேளை, மூத்தவர் இளையவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு அமரலாம். மறுவாரம் இளையவர் அவ்விடத்தில் அமரட்டும்.